நனைவது வேறு, குளிர்வது வேறு

ஜூன் மாதத்தில் இலங்கைக்கு இரண்டு முகம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் வறண்ட காற்றாகிவிடுகிறது. அதனால் நானுஓயாவில் நாட்கணக்கில் வெயில் தலைகாட்டாத அதே காலத்தில்தான் திருகோணமலையில் கடல் தெளிந்து கிடக்கிறது. புறாத்தீவுப் பக்கம் சுழியோடப் போகிறவர்களுக்கு அதுவே நல்ல பருவம். அங்கே கடல்நீர் 28 பாகை செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியிருந்தும் அதில் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள றப்பர் உடுப்பை, அதாவது வெட்சூட்டை, அணிந்தே இறங்குகிறார்கள். பவளப்பாறை கீறாமலும் சொறிமுட்டை தீண்டாமலும் இருக்க அது உதவும் என்பது ஒரு காரணம்தான். குளிர் அதைவிடப் பெரிய காரணம். இங்கே நானுஓயா மலைகளில் 15 பாகைக் குளிரில், தூறலுக்கும் மூடுபனிக்கும் நடுவே நாள் முழுதும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் உடம்பில் இருப்பது ஒரு மெல்லிய சட்டை, பாவாடை, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு, தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் ஒரு பொலித்தீன் தாள். பரிதாபத்துக்காக இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தவில்லை. நனைந்த உடம்பை எப்படிச் சூடாக வைப்பது என்ற கேள்விக்குச் சுழியோடிகள் எழுபது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்த விடை ஒன்றை வைத்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் மழைக்கால உடுப்பு என்று கொடுக்கப்படுவதும் வாங்கப்படுவதும் அந்தக் கேள்விக்கான விடையே அல்ல என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் குளிரின் அளவைப் பார்ப்போம். நானுஓயா ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை இறங்கும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27, 28 பாகை. அந்தக் கணக்கில் நானுஓயாவுக்கு 17 பாகை வரும், அதற்கும் மேலே இருக்கும் நுவரெலியாவுக்கு 16. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி படிந்தால் பத்திரிகைகளில் படம் வருகிறது, கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஆனால் வேலை செய்யும் உடம்புக்கு அந்த உறைபனிக் காலத்தைவிட ஜூன், ஜூலைதான் கொடியது. ஜனவரியில் எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும், துணி உலர்ந்திருக்கும். ஜூனில் வெப்பமானி காட்டும் எண் சற்று உயர்ந்திருந்தாலும் ஈரமும் காற்றும் கூட்டுச் சேர்ந்துவிடுகின்றன. குளிரை வெப்பமானியால் மட்டும் அளக்கிற பழக்கம் இந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

ஈரம் இரண்டு வழியில் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்று, நேராகக் கடத்துவது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் நூலிழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தை மழைநீர் பிடித்துக்கொண்டால், அந்தத் துணி போர்வையாக இருந்த நிலை மாறி, சூட்டை வெளியே விடும் வழியாகிவிடும். சும்மா இருக்கும் மனிதர் உடுப்பில்லாமல் நீரில் நடுங்காமல் நெடுநேரம் இருக்க வேண்டுமானால் அந்த நீர் 33 பாகைக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால்தான் 28 பாகைக் கடலும் ஒரு மணி நேரத்தில் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. இரண்டாவது வழி ஆவியாதல். மண்பானை தன் மேனியில் கசியும் நீரை ஆவியாக்கி உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதுபோல, நனைந்த துணியும் தான் உலர்வதற்கான வெப்பத்தை அணிந்திருப்பவரிடமிருந்தே வாங்குகிறது. சட்டையிலும் பாவாடையிலும் அரை லீற்றர் நீர் ஊறியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முழுதும் ஆவியாக ஏறத்தாழ 1,200 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நான்கு மணி நேரத்தில் அது நடந்தால் நொடிக்கு 80 ஜூலுக்கு மேல் போகிறது. ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் உடம்பு உண்டாக்கும் சூடு முழுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூடுபனியில் துணி எங்கே உலரப்போகிறது என்று கேட்கலாம். மேனியை ஒட்டிய துணி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடானது. ஆகவே பனிமூட்டத்திலும் அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டேதான் இருக்கும். உலர்ந்த அளவுக்கு அடுத்த தூறல் மறுபடி நனைத்துவிடும். கணக்கு முடிவதே இல்லை.

இப்போது வெட்சூட்டுக்கு வருவோம். இதை உருவாக்கியவர் தையற்காரர் அல்ல, ஒரு பௌதிகவியலாளர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லொஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த ஹியூ பிராட்னர், 1951ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் இருந்தபோது அமெரிக்கக் கடற்படைச் சுழியோடிகளின் குளிரைப் பற்றி யோசித்தார். அதுவரை எல்லோருடைய முயற்சியும் நீரை உள்ளே விடாமல் தடுப்பதிலேயே இருந்தது. ஊசித் துளையளவு கிழிசல் விழுந்தாலும் அந்த உடுப்பு பயனற்றுப்போகும். பிராட்னர் கேள்வியையே மாற்றிப் போட்டார். சுழியோடி நனையட்டும், அதனால் என்ன? உடுப்பின் தடிப்புக்குள்ளேயே அசையாத வாயு இருந்தால், மேனி நனைந்தாலும் சூடு போகாதே! நண்பர் ஒருவரின் யோசனைப்படி அவர் தேர்ந்தெடுத்த பொருள் நீயோப்பிரீன். 1930இல் டியூபொன்ட் நிறுவனம் கண்டுபிடித்த செயற்கை றப்பர் அது. அதை நுரையாக்கினால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத கோடிக்கணக்கான நுண்குமிழிகள் உள்ளே சிறைப்படும். பிராட்னர் இதற்குக் காப்புரிமை எடுத்துப் பணம் பார்க்கவில்லை. கலிபோர்னியக் கரையில் அலைச்சறுக்குக் கடை வைத்திருந்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதை உலகமெங்கும் கொண்டுபோனார்கள். உடுப்புக்குள் புகும் மெல்லிய நீர்ப்படலம் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்று சுழியோடிகளே பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. அந்த நீர் வெறுமனே அசையாமல் கிடக்கிறது, அவ்வளவே. காப்பது நுரையில் சிறைப்பட்ட வாயு.

இதைப் புரிந்துகொண்டால் வெட்சூட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது தானாகவே விளங்கிவிடும். தடிப்பு நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. நம் கடல்களுக்கு 2, 3 மில்லிமீற்றர் போதும். 20 பாகை நீருக்கு 5, அதற்கும் கீழே போனால் 7. ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை இறங்குகிறவருக்கும், மெலிந்த உடம்புக்காரருக்கும் ஒரு படி கூட்டித்தான் எடுக்க வேண்டும். ஆழமும் கணக்கில் வரும். 10 மீற்றரில் அமுக்கம் இரட்டிப்பாகிறது, 30 மீற்றரில் நான்கு மடங்காகிறது. குமிழிகள் நசுங்கி உடுப்பு மெலிந்துவிடும். கடைக்காரர் காட்டும் 7 மில்லிமீற்றர் கடலடியில் 7 மில்லிமீற்றராக இருப்பதில்லை. ஆனால் அனுபவமுள்ள சுழியோடி தடிப்பைவிட முக்கியமாகப் பார்ப்பது, உடுப்பு மேனியோடு ஒட்டி நிற்கிறதா என்பதைத்தான். கழுத்திலோ மணிக்கட்டிலோ முதுகின் வளைவிலோ தொய்வு இருந்தால் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே சூடாகிக் கிடந்த நீர் வெளியே போய்ப் புதிய குளிர்நீர் புகும். தொளதொளத்த 7 மில்லிமீற்றர் உடுப்பைவிட அளவெடுத்த 5 மில்லிமீற்றர் உடுப்பு சூடானது. மூச்சு முட்டும் அளவுக்கு இறுகவும் கூடாது.

10 பாகைக்குக் கீழ்ப்பட்ட கடல்களில் இன்னொரு வகை உடுப்பு உண்டு. நீரை அறவே உள்ளே விடாத ட்ரைசூட் அது. பெயரைக் கேட்டதும் இதுதான் எல்லாவற்றிலும் சூடானது என்று தோன்றும். ஆனால் அதன் மெல்லிய வகைகளில் வெளித்தோலுக்குச் சூடு காக்கும் சக்தி கிட்டத்தட்ட இல்லை. உள்ளே தடித்த கம்பளியோ பஞ்சுபோன்ற செயற்கைத் துணியோ அணிந்தால்தான் அது உடுப்பு, இல்லாவிட்டால் வெறும் பை. தோட்டத்தில் நாம் காண்பது இந்த வெறும் பையைத்தான். பொலித்தீன் தாளும் சரி, கடையில் வாங்கும் மழைக்கோட்டும் சரி, மழையைத் தடுக்கின்றன; சூட்டைக் காக்க அவற்றினுள் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, கூடையைச் சுமந்து சரிவில் ஏறும் உடம்பின் வியர்வை அந்தத் தாளின் உட்பக்கத்தில் படிந்து திரும்பவும் சட்டைக்கே வந்து சேரும். பத்து மணிக்கெல்லாம் வெளியே மழையில் நனைந்தவருக்கும் தாளுக்குள் வியர்த்து நனைந்தவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தாளின் பக்கங்கள் திறந்தே கிடப்பதால், கொழுந்தைக் கிள்ளக் கைநீட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளிருந்த இளஞ்சூடான காற்று வெளியேறிவிடுகிறது. தொளதொளத்த வெட்சூட்டின் அதே குறைதான் இது. பொலித்தீனை முற்றாக ஒதுக்கவும் முடியாது. அது காற்றை மறிக்கிறது, எடையில்லாதது, மலிவானது, உதறினால் உலர்ந்துவிடும். தவறு தாளில் இல்லை. தாளோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான்.

முந்தைய தலைமுறை அப்படி நினைக்கவில்லை. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்துக்கு வந்தவர்களின் உடைமைகளில் கறுப்புக் கம்பளியும் ஒன்று. துரைமார் அதை ஆங்கிலத்திலும் கம்பளி என்றே எழுதிவைத்தார்கள். தோட்ட நிர்வாகமே கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அந்தக் கணக்கின் நியாய அநியாயம் தனிக்கதை. பொருளைப் பொறுத்தவரை தேர்வு சரியானது. கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதன் சுருள் நனைந்தாலும் படிந்துவிடாமல் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தியோ நனைந்ததும் துவண்டு மேனியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் கம்பளி ஏன் மறைந்தது? வசதியான பொருளை மக்கள் காரணமில்லாமல் கைவிடுவதில்லை. முழுதாக நனைந்த கம்பளி பாரமானது. ஏற்கெனவே பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலிதான். அதற்குமேல் கம்பளியின் பாரமும் தலையிலேயே. வெயில் இல்லாத மாதத்தில் தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை அறை லயத்தில் அதை எங்கே உலர்த்துவது? பொலித்தீன் வந்தபோது அது வென்றதில் ஆச்சரியமில்லை. ஆனால் கம்பளி செய்துவந்த இரண்டு வேலைகளில் ஒன்றை மட்டுமே அது எடுத்துக்கொண்டது. சூட்டைக் காக்கும் மற்ற வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இரண்டாவது வேலைக்கு இன்று கம்பளிதான் வேண்டும் என்றில்லை. பொலியெஸ்டர் இழை தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது. அதைப் பஞ்சுபோல நெய்த ஃபிளீஸ் துணி நனைந்தாலும் பிழிந்து உதறினால் மறுபடி காற்றைப் பிடித்துக்கொள்ளும், லயத்து அடுப்பங்கரைச் சூட்டில் ஓரிரவில் உலர்ந்தும்விடும். இந்தத் துணியால் தைத்த மேற்சட்டைகள் குளிர்நாடுகளுக்காக இலங்கைத் தொழிற்சாலைகளிலேயே தயாராகின்றன; ஏற்றுமதியில் மிஞ்சியவை நுவரெலியாவின் பேல் பஜாரில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள் குளிர் அனுபவிக்க வந்த உல்லாசப் பயணிகள் என்பது வேடிக்கையான உண்மை. ஆக, மேனியை ஒட்டி ஒரு மெல்லிய ஃபிளீஸ், அதன்மேல் காற்றையும் மழையையும் மறிக்கும் ஒரு வெளித்தோல், கழுத்திலும் மணிக்கட்டிலும் நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்து அடைப்பு, வியர்வை போகக் கக்கத்தில் ஒரு திறப்பு: வெட்சூட்டும் ட்ரைசூட்டும் சேர்ந்து கற்றுத்தரும் உடுப்பு இதுதான். தோட்டத்துக்கே உரிய ஒரு விஷயத்தை இதோடு சேர்க்க வேண்டும். தேயிலை மலையில் ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. மழை விட்ட பிறகும் இடுப்பளவு செடிகளுக்கு நடுவே புகுந்து நடப்பவரை இலைகளில் தேங்கிய நீர் பக்கவாட்டில் நனைக்கிறது. வயிறு, தொடை, முழங்கை எல்லாம் அப்படித்தான் ஊறிப்போகின்றன. நகரத்து மழைக்கோட்டு இதற்காகத் தைக்கப்பட்டதல்ல. இடுப்பில் கட்டும் படங்கு இந்த ஈரத்தை அறிந்தவர்கள் கண்ட வழி; அதை முழங்காலுக்குக் கீழே நீட்டி, உட்பக்கம் சூடு காக்கும் துணி வைத்துத் தைப்பது எந்த மழைக்கோட்டையும்விடப் பலன் தரும்.

இவர்களுக்கு இந்தக் குளிர் பழகிப்போய்விட்டது, பரம்பரையாக இங்கேயே இருக்கிறார்கள், புதிதாக உடுப்பு எதற்கு என்று ஒரு மறுப்பு வரும். தோட்டத்துக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் கேட்கக்கூடிய பேச்சு இது. இதற்குக் கொரியாவில் பதில் இருக்கிறது. ஜெஜூ தீவிலும் கொரியக் கரைகளிலும் ஹேன்யோ எனப்படும் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் கடற்பாசியும் எடுக்கிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. 1970கள் வரை அவர்கள் பருத்தி உடுப்போடு, குளிர்காலத்தில் 10 பாகை அளவுள்ள கடலில் இறங்கினார்கள். 1960களில் சுக் கி ஹொங் என்ற உடலியலாளரும் அவருடைய குழுவினரும் அவர்களைப் பரிசோதித்தபோது, உடம்பு உண்மையிலேயே பழகியிருந்தது தெரியவந்தது. குளிர்காலத்தில் அவர்கள் சும்மா இருக்கும்போதே மற்றப் பெண்களைவிட அதிக சூட்டை உண்டாக்கினார்கள். நடுக்கம் தொடங்கவும் அவர்களுக்கு அதிகக் குளிர் வேண்டியிருந்தது. பழக்கம் என்பது பொய்யல்ல. ஆனால் அதே பெண்களின் உடல் உள்வெப்பம் 35 பாகை அளவுக்கு இறங்கியது. குளிர்காலத்தில் ஒரு தடவைக்கு அரைமணி நேரம்கூட நீரில் நிற்க முடியாமல் கரையேறி நெருப்புக் காய்ந்தார்கள். 35 என்பது மருத்துவர்கள் தாழ்வெப்பநிலை என்று ஆபத்தாகக் கருதத் தொடங்கும் எல்லை. பிறகு வெட்சூட் வந்தது. மணிக்கணக்கில் வேலை செய்ய முடிந்தது. சில ஆண்டுகளில் அந்த விசேஷப் பழக்கம் உடம்பிலிருந்து மறைந்தும் போனது. பழகிய உடம்பு உணவை எரித்தே அந்தச் சூட்டை உண்டாக்கியிருந்தது. உடுப்பு கிடைத்ததும் உடம்பு அந்தச் செலவை நிறுத்திக்கொண்டது. பழகிவிட்டார்கள் என்று சொல்பவர்கள், அந்தப் பழக்கத்துக்கான விறகைத் தொழிலாளியின் சாப்பாட்டுத் தட்டிலிருந்தே எடுக்கிறார்கள். இரத்தச்சோகையும் போசாக்குக் குறைவும் பரவலாகப் பேசப்படும் தோட்டங்களில் இது சிறிய செலவல்ல.

15 பாகையில் யாரும் விறைத்துச் சாவதில்லை என்பது அடுத்த மறுப்பு. நடந்துகொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கும் உடம்பு சூட்டை உண்டாக்கும் என்பது சரி. ஆனால் கொழுந்தெடுப்பது ஓட்டமல்ல. கால் மெல்ல நகர, விரல்தான் வேகமாக ஓடுகிறது. உடம்பு குளிரும்போது மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற முதலில் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் சுருக்கும். விரலின் மேற்தோல் 15 பாகைக்குக் கீழே போனால் நுட்பமான அசைவு தடுமாறத் தொடங்குகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதற்கு அந்த நுட்பம்தான் வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்க முடியாது. ஆகவே விரலைச் சூடாக வைக்க ஒரே வழி உடம்பின் நடுப்பகுதியைச் சூடாக வைப்பதுதான். உயிர்போகும் குளிர் ஒன்றுதான் குளிர் என்று வைத்துக்கொண்டால் இந்த இழப்பு கண்ணில் படாது. தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது, தலையை மூடினால் போதும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தள்ளிவைத்துவிடலாம்; தலை வழியே போவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். தலையை மூடுவது வேறு காரணத்துக்காக அவசியம். மூடாவிட்டால் மழை பிடரி வழியாக முதுகுக்கு இறங்கி, உள்ளே போட்ட எல்லாவற்றையும் வீணாக்கிவிடும்.

நீயோப்பிரீனையே கொண்டுவந்தால் என்ன என்று ஆர்வக்கோளாறில் யாராவது கேட்கக்கூடும். வேண்டாம். கரையில், உழைக்கும் உடம்பில், அது அரைமணி நேரத்தில் வியர்வைக் கிடங்காகிவிடும்; விலையும் எட்டாது. எடுத்துக்கொள்ள வேண்டியது பிராட்னரின் றப்பரை அல்ல, அவர் கேள்வியை மாற்றிய விதத்தை. விலையைப் பொறுத்தவரை, உள்சட்டை, வெளித்தோல், நீண்ட படங்கு மூன்றையும் தொழிலாளி தன் நாட்கூலியிலிருந்து வாங்க வேண்டும் என்றால் இந்தக் கட்டுரை எழுதியதற்கே பொருளில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருப்பவரின் பாதுகாப்பைப் பேசுகிறது. கொழுந்து அந்தத் தொழிற்சாலை வாசலுக்கு வருவதற்கு முன் மழையில் நிற்பவர் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறார். மழை உடுப்பைத் தீபாவளிப் பரிசுபோல நினைப்பதை விட்டு, மருந்தடிப்பவருக்கு முகமூடி கொடுப்பதுபோல வேலைக்கருவி என்ற கணக்கில் சேர்க்கும் பேச்சு தொழிற்சங்கமும் தோட்ட நிர்வாகமும் உட்காரும் மேசையில்தான் தொடங்க வேண்டும். அப்போது ஒருவருக்கு இரண்டு சோடி என்று கேட்க வேண்டும், ஒன்றல்ல. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஈர உடுப்போடு வந்து நிற்பவருக்கு எந்தத் துணியும் உதவாது.

எது சரியான உடுப்பு என்பதைக் கொழும்பில் உட்கார்ந்து முடிவு செய்யவும் வேண்டியதில்லை. நானுஓயாவிலிருந்து சற்றுத் தூரத்தில், தலவாக்கலையில், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணின் ஈரமும் இலையின் வெப்பமும் அளக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஒரு கங்காணியின் கீழ் வேலை செய்யும் பெண்களுக்கு மூன்று வகை உடுப்பைக் கொடுத்து, சட்டைக்கு உட்புறம் ஒரு சிறு வெப்பமானியை வைத்து, விரலின் சூட்டையும் மாலையில் நிறுத்த கிலோவையும் குறித்துவந்தால் ஒரு பருவத்தில் விடை கிடைத்துவிடும். படங்கு எந்த நீளத்தில் காலைத் தடுக்கிறது, கூடைக் கயிறு தலையில் எங்கே உராய்கிறது, கக்கத்துத் திறப்பு வழியே அட்டை ஏறுகிறதா என்பதையெல்லாம் கருவி சொல்லாது. அதைப் போட்டுப் பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். வெட்டிய துணியைத் தைக்க அனுப்புவதற்கு முன்பே கேட்க வேண்டும்.